பின்னால் நடப்பவன்

ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில் பாதி ஊர் மண்ணுக்கடியில்தான் குடியிருக்கிறது. அங்குள்ள நிலத்தடிக் கூடம் ஒன்றுக்குப் பகல் வெளிச்சத்தை இறக்க, ஸ்டாவ்ரூலா மேலே ஒரு கண்ணாடி மண்டபம் வடிவமைத்திருந்தாள். சோதனை நாளன்று அவள் கீழே நின்றாள். மேலே, ஓபல் கற்களைத் தோண்டி எடுக்கிற டிராகன் என்ற சுரங்கக்காரர் மட்டும்.

சரியாகப் பன்னிரண்டுக்குக் கூடத்தின் தரையில் வெயில் விழுந்தது. அதில் ஓர் ஆளின் நிழல், கேமராவைக் கண்ணில் வைத்தபடி பின்னோக்கியே நடந்தது. ஊரெங்கும் ஓபலுக்காகத் தோண்டிய ஆழமான குழிகள். இங்கே குழந்தைகூட அப்படி நடக்காது.

"டிராகன், யாரது? திரும்பி நடக்கச் சொல்லுங்க, குழியில விழுந்துடப் போறான்!" என்று வாக்கி டாக்கியில் கத்தினாள்.

"எவன்மா? இங்க நானும் ஈயுந்தான். கண்ணாடி மேல போட்ட தார்ப்பாயையே இன்னும் அவுக்கல."

அவள் ஒன்றும் புரியாமல் கையை நீட்டினாள். வெயில் உள்ளங்கையைச் சுட்டது. நிழல் இன்னும் ஓரடி பின்னால் எடுத்து வைத்தது. பிறகு தரையில் வெயில் மட்டும் இருந்தது.