கேட்க வந்தவள்

"ராத்திரி தூங்குனீங்களா அக்கா?"

"எங்க தூங்குறது? கிழவி கூப்பிட்டுக்கிட்டே இருந்தா."

"முதுகுவலி?"

"கூடப் பிறந்தவகூட எட்டிப் பாக்கல. அது மட்டும் என்னை விட்டுப் போகல. நீ டீயைக் குடி, ஆறுது."

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டில் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று அரசாங்கப் பணத்தில் ஓர் ஆராய்ச்சி நடந்துவந்தது. அதற்காக மாதம் ஒருமுறை வந்து இந்த வீட்டு மருமகளை விசாரிப்பது, டீ குடித்துக்கொண்டிருந்த பெண்ணின் வேலை. இன்று அவளுக்குப் பேனா ஓடவில்லை.

"அக்கா, இனிமே நான் வரமாட்டேன். ஆராய்ச்சிக்குக் குடுத்த பணத்தை நிறுத்திட்டாங்க."

"ஏனாம்?"

"அவசியமில்லையாம். முடிவெடுத்தவன் எவனும் ஒரு நாள் மூத்திரத் துணி அலசியிருக்க மாட்டான்."

மருமகளின் முகம் தொங்கிப்போனது.

"உங்க மாமியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கிளம்புறேன்."

"வேணாம், இப்பதான் கண்ணசந்தா."

அதற்குள் வந்தவள் உள்ளறைக் கதவைத் தள்ளிவிட்டாள். உள்ளே சுவரோரம் நிமிர்த்தி வைத்த கட்டிலும் தூசியும்தான் இருந்தன.

"அக்கா..."

"கிழவி போய் ஒரு வருஷமாச்சு."

"ஏன் சொல்லல? இத்தனை மாசமும் பொய்யா சொன்னீங்க?"

"படுத்த ஆள் இருக்குற வீட்டுக்குத்தானே உன்னை அனுப்புவாங்க? சொல்லியிருந்தா அன்னைக்கே நின்னிருப்பே. இந்த வாசப்படி ஏறுன அத்தனை பேரும் கிழவி எப்படி இருக்கான்னுதான் கேட்டாங்க. நான் எப்படி இருக்கேன்னு கேக்க, அரசாங்கம் காசு குடுத்து ஓர் ஆளை அனுப்ப வேண்டியிருந்துச்சு."