எங்க ஊரைப் போல வருமா!

"தம்பி, இதோ வருது பாருங்க எங்க ஊர் நூலகம்! மஞ்சக் கட்டடம். அதை ஒட்டி இடது கைப் பக்கமா ஒரு தெரு போகுதே, அந்தத் தெருவுல வீசற காத்து உலகத்துல எங்கயும் கிடையாது!"

முன் சீட்டு அம்மா பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு இடது பக்கம் ஒடித்தார். காத்தாம், காத்து! மழைக்குப் பயந்து ஜன்னலெல்லாம் சாத்திக் கிடக்கிறது. இதில் காத்து எங்கிருந்து வரும்?

அவர் இந்த ஊருக்கு வந்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது. பழைய ஊரில் பஸ் கம்பெனியை மூடிவிட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் தயவில் இங்கே வேலை கிடைத்தது. "ஒரு புகார் வந்தாலும் அனுப்பிடுவோம்" என்று சொல்லித்தான் மேனேஜர் சாவியைக் கையில் கொடுத்தார். ஓட்டும்போது போனைத் தொட்டாலும் அதே கதிதான்.

முதல் நாளே திருப்பத்தைக் கோட்டை விட்டு, பஸ்ஸை மார்க்கெட் சந்துக்குள் கொண்டுபோய்ச் சொருகிவிட்டார். முன்னால் தக்காளி வண்டி, பின்னால் மீன் வண்டி. பஸ்ஸில் இருந்த கடிகாரக் கடைக்காரர் எகிறிக் குதித்தார்.

"எங்க ஊர்ல வழி தெரியாத டிரைவரை நான் பார்த்ததே இல்லய்யா! இப்பவே டெப்போவுக்குப் போன் போடறேன்!"

வியர்த்து விறுவிறுத்து, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து வண்டியைப் பின்னால் எடுத்தார் டிரைவர். வேலை போயிற்று என்றே நினைத்தார். நல்ல வேளை, யாரும் கூப்பிட்டு எதுவும் கேட்கவில்லை.

ஆனால் மறுநாளிலிருந்து இந்த அம்மா வந்து முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

"எங்க ஊர்ப் பாலத்தைப் பாருங்க தம்பி! எவ்வளவு கம்பீரம்! ஏறி இறங்கினதும் வலது பக்கம் ஒரு அரச மரம் நிக்கும் பாருங்க, அந்தப் பக்கம் போனாலே மனசு குளிர்ந்துடும்!"

"இதான் எங்க ஊர்ப் பள்ளிக்கூடம். எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்குக் காலு ஒரு இடத்துல நிக்காது. திடுதிப்புனு ரோட்டுல பாய்வாங்க. அவ்வளவு சுறுசுறுப்பு!"

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது டிரைவர் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார்.

"வாயைத் திறந்தா எங்க ஊர், எங்க ஊர்! தலைவலியா இருக்கு."

"இங்க எல்லாரும் அப்படித்தாங்க. மாடி வீட்டம்மா, 'எங்க ஊர் வெயில்ல துணி எவ்வளவு சீக்கிரம் காயுது பாத்தியா'ங்கறாங்க. நாம என்ன இத்தனை நாளா நிலா வெளிச்சத்துலயா காயப்போட்டோம்?"

சொல்லிவிட்டுச் சிரித்தவள், சட்டென்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"நமக்கும் ஒரு ஊர் இருந்துதேங்க. அது எப்படி இருக்கும்னு ஒருத்தராவது கேக்கறாங்களா?"

அந்த வார்த்தை டிரைவருக்கு ராத்திரி முழுக்க நெஞ்சில் நெருடியது.

மறுநாள் பாலம் வந்தது. "எங்க ஊர்ப் பாலத்தைப் போல..." என்று அந்த அம்மா ஆரம்பித்ததுதான் தாமதம்.

"போதும், நிறுத்துங்கம்மா! உங்க ஊர்ப் பெருமையைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு! பாலம் தாண்டினா வலது, நூலகத்துல இடது, பள்ளிக்கூடத்துகிட்ட மெதுவா. எல்லாம் எனக்கு மனப்பாடம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்!"

அழப் போகிறார், இல்லை சண்டைக்கு வரப் போகிறார் என்று டிரைவர் நினைத்தார்.

அந்த அம்மாவோ முகமெல்லாம் மலர, "நிஜமாவா தம்பி? எல்லாத் திருப்பமும் மனப்பாடமா?" என்றார்.

"எல்லாம்தான்!"

"ரொம்ப சந்தோஷம்ப்பா."

பையை எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் வரவே இல்லை. முன் சீட்டு காலியாகக் கிடந்தது. வண்டி எந்தத் திருப்பத்திலும் தடுமாறவில்லை. டிரைவரின் மனசுதான் தடுமாறியது. பெரியவங்களை அப்படி எடுத்தெறிந்து பேசியிருக்க வேண்டாமோ?

ஒரு நாள் கடிகாரக் கடைக்காரர் ஏறினார். டிரைவர் தயங்கித் தயங்கி அவரிடமே கேட்டார்.

"ஐயா, முன் சீட்டுல வருவாங்களே, அந்தம்மா என் மேல கோபமா இருக்காங்களா? இப்பல்லாம் வர்றதே இல்ல."

"அவங்க ஏன் இதுல வரணும்? அவங்க வேலை பாக்கற சலவைக் கடை அவங்க வீட்டுக்கு எதிர்லயே இருக்கு. நடந்தே போயிடுவாங்க."

"அப்புறம் எதுக்குக் காலங்காத்தால கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்தாங்க?"

கடிகாரக் கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு மார்க்கெட் சந்துல நான் டெப்போவுக்குப் போன் போடப் போனேன் இல்ல? ஏதோ வேலையா பஸ்ல வந்திருந்த அந்தம்மாதான் போனை வெடுக்குனு பிடுங்கிட்டாங்க. 'பொழைக்க வந்த பிள்ளைய்யா. நாலு பேர் முன்னாடி வழி சொல்லிக் குடுத்தா கூசிப் போயிடும். பின்னாடி உக்காந்து ஊர்ப் பெருமை பேசற மாதிரி நான் சொல்லிக்கிட்டே வர்றேன். என்னைத் திட்டினா திட்டிட்டுப் போகட்டும், வழி மனசுல நின்னாப் போதும்'னாங்க."