கறுவலுக்கு வந்த பெட்டிசம்

கதிராமனின் வாசலில் பொலிஸ் ஜீப் நிற்க, கப்பல்துறை முழுக்க வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது.

"பொலிசுக்கு மொட்டைப் பெட்டிசம் எழுதிப் போட்டவன் ஆரெண்டு தெரிஞ்சால் காலை முறிப்பன்," என்று கத்தினார் கதிராமன்.

கத்தாமல் என்ன செய்வார்? கறுவல் லேசுப்பட்ட சேவலா? அது கூவினால் துறைமுகத்துக் கப்பல்கள் விடிந்துவிட்டதென்று நங்கூரம் தூக்கிவிடும். நான் கண்ணால் கண்டனான்.

வாற ஞாயிற்றுக்கிழமை சம்பூர்ச் சேவலோடு கத்தி கட்டிச் சண்டை. தோற்றது வென்றவனின் கறிச்சட்டிக்கு. அதுதான் வழமை. சம்பூரான் இதுவரை தோற்றதில்லை.

"வேண்டாமப்பா, பாவம்," என்று மனைவி கனகமணி கெஞ்சியும் பார்த்தாள்.

"உன்ர தம்பி யோகலிங்கம் ஊரெல்லாம் சொல்லிப்போட்டான். இனிப் பின்வாங்கினால் சனம் சிரிக்கும்."

கல்நெஞ்சன் என்று நாங்கள் கதைத்துக்கொண்டோம்.

ஜீப்பில் வந்த சார்ஜன்ட் அஸீம் சேவலின் கத்தியை உறையில் போட்டு எடுத்துக்கொண்டார்.

"ஐயா, சட்டத்தை இறுக்கிப்போட்டாங்கள். முந்தி மாதிரித் தண்டம் கட்டிப்போட்டு வர ஏலாது. இனிச் சேவல் சண்டையெண்டால் கம்பிக்குள்ள மறியல்தான்."

"மறியலோ? சேவல் அத்தானுடையது. எனக்கு ஒண்டும் தெரியாது," என்ற யோகலிங்கம் பின்வளவால் நழுவிவிட்டான். சனமும் அவன் பின்னால் கலைந்தது.

"இனிச் சண்டைக்கு விடமாட்டன் எண்டு கையெழுத்து வையுங்கோ. சேவல் வீட்டிலேயே நிக்கட்டும்."

கதிராமன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, பேனையை மட்டும் பாய்ந்து வாங்கினார்.

"பெட்டிசத்தில என்ன கிடக்குது, தம்பி?" என்று கேட்டாள் கனகமணி.

அஸீம் சிரிப்பை அடக்கியபடி வாசித்தார். பக்கத்து வளவுக்காரனான எனக்குக் காது கொஞ்சம் நீளம்.

"'சேவலைக் கொண்டுபோவதென்றால் காலில் பிடித்துத் தூக்க வேண்டாம். இடது செட்டையில் நோ இருக்கிறது. சாக்குப் போட்டு மூடினால்தான் நித்திரை கொள்ளும். அவித்த முட்டையில் மஞ்சள் மட்டும் கொடுக்கவும். வெள்ளை தின்னாது. இப்படிக்கு, ஊர்நலன் விரும்பி.'"

ஜீப் போய்விட்டது. கதிராமன் குனிந்து, கறுவலின் செட்டையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

கனகமணி அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"முறிக்கிறது உங்கட எந்தக் கால் எண்டு சொல்லுங்கோ. இப்பவே எண்ணெய் காய்ச்சி வைக்கிறன்."