மகளுக்கான பக்கம்

"உங்க பிளட் டெஸ்ட் ரிசல்ட்டைக் கொண்டு வரவே இல்லையேம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அம்மாவைத்தான் கேட்கிறார் என்று மகள் நினைத்தாள். இல்லை. அவளைத்தான்.

வழக்கமாக அம்மா மட்டும் உள்ளே போவாள். இவள் மருந்து வாங்க வரிசையில் நிற்பாள். இன்றைக்குத்தான் கூட வந்திருந்தாள்.

"எடுத்தாச்சுன்னு அம்மா சொன்னாங்களே," என்றபடி டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பினார்.

திரையில் பதினோரு மாதத்துக்கு முந்தைய கடிதம். ஒன்பது நிபுணர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, அம்மாவின் கட்டியிலிருந்த மரபணுக் கோளாறை அலசி எழுதியது. முதல் பக்கம் இவளுக்கு மனப்பாடம். இரண்டு தடவை கீமோ கொடுத்தும் அடங்காத சினைப்பைப் புற்று, அதில் எழுதியிருந்த மாத்திரைக்கு அடங்கிப்போனது. அம்மா எழுந்து நடமாடினாள். போன வாரம் கல்யாணப் புடவை எடுக்கக்கூட வந்தாள்.

இரண்டாம் பக்கம் ஒன்று இருப்பதே இவளுக்குத் தெரியாது.

மூன்றே வரி. இது பரம்பரையாக வரக்கூடியது. மகளுக்கும் இருக்கலாம். உடனே பரிசோதிக்க வேண்டும்.

கையிலிருந்த ஃபைலைப் புரட்டினாள். முதல் பக்கம் மட்டும் பத்திரமாக இருந்தது.

வராந்தாவுக்கு வந்ததும் அம்மா மெல்லச் சொன்னாள்.

"அப்பதான்டி சம்பந்தம் பேசிக்கிட்டிருந்தோம். தெரிஞ்சா நம்பிராஜன் வீட்ல வேண்டாம்னுடுவாங்க. தாலி ஏறட்டும்னு இருந்தேன்."

ஒன்பது பேர் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய கடிதம். தன் உயிருக்கான பக்கத்தை அம்மா வைத்துக்கொண்டாள். பெற்ற மகளுக்கானதைக் கிழித்துப் போட்டுவிட்டாள்.

கத்த வேண்டும்போல் இருந்தது. செத்துப் பிழைத்தவளிடம் எப்படிக் கத்துவது? அதுதான் இன்னும் ஆத்திரமாக வந்தது.

விறுவிறுவென்று ரத்தம் எடுக்கும் அறைக்கு நடந்தாள். இருபது நாள்தானே, கல்யாணம் முடியட்டும் என்று கெஞ்சிக்கொண்டே அம்மா பின்னால் ஓடி வந்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டினாள். நர்ஸ் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினாள்.

வலது கையால் நம்பிராஜனுக்குப் போன் போட்டாள். அவன் எடுத்ததும் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"எங்கம்மா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

போனை அம்மாவிடம் நீட்டினாள்.

"சொல்லுங்க அத்தை," என்றான் அவன்.

ஊசி இறங்கியது. அவள் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.