நூறில் வரும் நடுக்கம்

"நாலு மாசமா ஒரு நடுக்கத்தைக் கண்டுபிடிக்கத் தெரியல. அவளெல்லாம் ஒரு மெக்கானிக்கா?"

முதியோர் மன்றத்தில் சீட்டுகளைக் கலைத்தபடியே தோக்சூ கேட்டார்.

"ஹக்சூ, உனக்கு இன்னும் புரியலையா? அவ உன் வண்டியில ஓசிச் சவாரி போறா. ஞாயித்துக்கிழமையானா வோன்ஜுவுக்கு ஜாலியா ஒரு ட்ரிப்!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பியோன் ஹக்சூ சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்து வீட்டுக்கு வந்தார்.

அவருடைய காருக்கு இருபத்திரண்டு வயது. ஊருக்குள் சாதுவாக ஓடும். நெடுஞ்சாலையில் ஏறி மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட்டால், எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் ஸ்டியரிங் நடுங்கும். ஞாயிறுதோறும் வோன்ஜு நகரத்துப் பராமரிப்பு மருத்துவமனையில் இருக்கும் மனைவியைப் பார்க்கப் போயாக வேண்டும். பஸ் என்றால் மூன்று மாற வேண்டும்.

அதனால்தான் பாலத்தடி ஒர்க்‌ஷாப் நடத்தும் ஒக்பூனிடம் போனார். முதல் நாள் அவர் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். நூறில் நடுங்கியதைப் பார்த்தாள். டயரைக் கழற்றினாள், வீல் பேலன்ஸ் செய்தாள், பேரிங்கைத் தட்டிப் பார்த்தாள்.

"லேசுல பிடிபடாது பெரியவரே. நிறைய தடவை வேகமா ஓட்டித்தான் பிடிக்கணும். ஞாயித்துக்கிழமை எனக்குக் கடை லீவு. நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல உக்காந்து சத்தம் கேளுங்க."

பதினாறு ஞாயிறு ஆகிவிட்டது. அவள் ஓட்டும்போது மட்டும் நடுக்கம் வருவதே இல்லை. "என்னைக் கண்டா பயம் போல" என்று சிரிப்பாள்.

திரும்பும் வழியில் ஹக்சூ பேச மாட்டார். "நீங்க யாரு?" என்று மனைவி கேட்டதே மனதில் ஓடிக்கொண்டிருக்கும். ஒக்பூன்தான் எதையாவது பேசிக்கொண்டே வருவாள். மற்ற ஆறு நாளும் அவர் வீட்டில் டிவியைத் தவிர வேறு குரல் கிடையாது.

அவளா ஏமாற்றுகிறாள்?

வியாழக்கிழமை தோக்சூவின் மருமகன் ஹக்சூவிடம் சாவியை வாங்கிக் காரை ஓட்டிப் பார்த்தான். அவனுக்கும் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. நூற்றுப் பத்தில் போனான்.

"தண்ணி மேல போற மாதிரி போகுது தாத்தா. நடுக்கமாவது ஒண்ணாவது! நல்லா ஏமாந்திருக்கீங்க."

அன்று இரவு ஹக்சூ சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை ஒக்பூன் வழக்கம்போல எட்டு மணிக்கு வந்து சாவிக்குக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"இன்னிக்கு நான் ஓட்டறேன்."

"எதுக்குப் பெரியவரே? நான்..."

"வண்டியில ஒண்ணுமே இல்லையாம். இன்னொருத்தர் பார்த்துச் சொல்லிட்டாரு. இல்லாத கோளாறைச் சொல்லி நாலு மாசமா என்னைச் சுத்த வச்சிருக்கீங்க. தனியா கிடக்கிற கிழவன்தானே, கேக்க ஆளில்லன்னு நினைச்சுட்டீங்க, இல்ல?"

அவள் முகம் சுருங்கியது. மறுபக்கம் போய் உட்கார்ந்தாள்.

நெடுஞ்சாலை காலியாக இருந்தது. எண்பது. தொண்ணூறு. நூறு.

ஸ்டியரிங் கடகடவென்று நடுங்கியது.

"இதோ பாருங்க! வந்துடுச்சு!" ஹக்சூ கத்தினார். கோபம் போன இடம் தெரியவில்லை. "அந்தப் பயலுக்குத்தான் ஒண்ணும் தெரியல. நீங்க சொன்னதுதான் சரி முதலாளியம்மா. உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனே!"

ஒக்பூன் சந்தோஷப்படவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னும் பின்னும் வண்டி இல்லை.

"இதை உங்களுக்குச் சொல்லாமலே ஓட்டிடலாம்னு இருந்தேன் பெரியவரே."

சொல்லிவிட்டு, கையை நீட்டி ஸ்டியரிங்கை அழுத்திப் பிடித்தாள்.

"நான் பிடிச்சிருக்கேன். நீங்க விடுங்க."

விட்டார்.

ஸ்டியரிங் அசையாமல் நின்றது. மடியில் கிடந்த அவருடைய கைகள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.