முகம் தெரியாத தூரம்

எழில்மொழி புட்டியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். உள்ளே நூற்றுக்கணக்கில் மீன்குஞ்சுகள். உடம்பு தெரியவில்லை. கண்கள் மட்டும் கறுப்புப் புள்ளிகளாகத் துடித்தன.

"நேத்து கரையோரம் அரிச்சதுல நாலு கூட இல்லண்ணே. இங்க பாருங்க!"

கிருஷ்ணப்பன் பார்க்கவில்லை. இன்ஜினைத் தணித்துவிட்டுக் கிழக்கே வெறித்துக்கொண்டிருந்தான்.

எண்ணூரின் புகைபோக்கிகள் தீக்குச்சிகளாகச் சிறுத்துப்போன தூரம். மீன்குஞ்சு ஆராய்ச்சிக்காக அவன் படகை அவள் வாடகைக்கு எடுத்திருந்தாள். அவனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. முந்தாநாள் விடியலில் வலை இழுக்கும்போது கடலில் விழுந்த தம்பி டில்லிபாபுவைத் தேடுவது.

"ஏன் மேடம், இந்தக் குஞ்சுங்க நீந்தி வெளிய பூடாதா?"

"அதுக்கு ஏது பலம்? இது பெரிய சுழல். அடியில இருக்கற குளிர்ந்த தண்ணிய மேல கொண்டாருது, அதோட தீனியும் வருது. உள்ள மாட்டினது உள்ளேயே சுத்தும்."

"எம்மா நாளிக்கு?"

"சுழல் கலையற வரைக்கும். வாரக்கணக்குல கூட ஆகும்."

"மெதக்கறது எதுவா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தாலும்."

அப்போதுதான் அவளும் கிழக்கே பார்த்தாள்.

வெள்ளைக் கேன் ஒன்று. அதன்மேல் கவிழ்ந்து, அசையாமல் ஓர் ஆள்.

"அண்ணே, அது..."

"என் தம்பிதான். அது எங்க வலையில கட்டுற கேனு. கிட்ட போவக் கூடாது."

அவன் ஊரான நெட்டுக்குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடலில் செத்தவன் முகத்தைப் பார்த்துவிட்டால், பார்த்தவன் கரைசேர்த்தே ஆக வேண்டும். உடல் கரையேறிவிட்டால், அடக்கம் செய்து பால் தெளிக்கும்வரை ஒரு படகும் இறங்கக் கூடாது.

ஒரு மாதமாகக் குப்பத்து வலைகள் வெறுமனே திரும்பிக்கொண்டிருந்தன. இப்போது படகுக்கு அடியில், குஞ்சுகளைத் தின்ன வந்த கானாங்கெளுத்திக் கூட்டம் வெள்ளியாகப் புரண்டது.

"செத்தவன் செத்துட்டான். இருக்கறவனுக்கு வவுறு கீதே மேடம். இன்னிக்கு எல்லாரும் வந்து இந்தாண்டயே வலை வுட்டுக்கட்டும். நாளிக்கு அவன எட்த்துக்கறேன். நீங்கதான சொன்னீங்க, எங்கியும் போவாதுன்னு?"

எழில்மொழி தன் பெட்டியைப் பார்த்தாள். பாதிப் புட்டிகள் காலியாக இருந்தன. படகுகள் நின்றால் அவள் வேலையும் நிற்கும். அதற்குள் சுழல் கலைந்துவிடலாம்.

"போகாது" என்றாள்.

முகம் தெரியாத தூரத்திலேயே படகு திரும்பியது.

கரையில், இடுப்பளவுத் தண்ணீரில் மலர்க்கொடி நின்றிருந்தாள். டில்லிபாபுவின் மனைவி.

"இன்னா மாமா, எதுனா தெர்ஞ்சுதா?"

"ஒண்ணும் காணோம்மா. நீ வூட்டுக்குப் போ."

அவள் எழில்மொழியைப் பார்த்தாள். எழில்மொழி குனிந்து புட்டிகளுக்கு மூடி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை குப்பம் முழுக்க மீன் வறுபடும் வாசனை. மலர்க்கொடி வீட்டுக்கும் யாரோ ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்பினார்கள்.

மறுநாள் காலை கிருஷ்ணப்பன் தனியாகப் போனான்.

எழில்மொழி சொன்னதில் பிசகில்லை. சுழல் தம்பியை எங்கும் விடவில்லை.

படகைக் கிட்டத்தில் அணைத்து, முதன்முறையாக முகத்தைப் பார்த்தான். தண்ணீரிலிருந்து எத்தனையோ உடல்களைத் தூக்கியவன் அவன். நாள்கணக்கில் கிடந்த உடல் எப்படி உப்பும் என்று தெரியும்.

இது உப்பவில்லை.

கைலியால் இடுப்பைக் கேனோடு சேர்த்துக் கட்டியிருந்தது. சட்டையைக் கழற்றி, கொடி போல ஆட்டுவதற்கு வாகாக, வலது மணிக்கட்டில் ஒரு முனையை முடிந்திருந்தது. நேற்று படகுகள் வலை விட்ட திசைக்கே முகம் திரும்பியிருந்தது.

கிருஷ்ணப்பன் நாலாபுறமும் பார்த்தான். வேறு படகு இல்லை.

முடிச்சுகளை அவிழ்த்தான். சட்டையைப் பிழிந்து உதறி, தம்பியின் உடம்பில் மாட்டத் தொடங்கினான்.

கைகள் இன்னும் விறைத்திருக்கவில்லை. சட்டைக்குள் சுலபமாக நுழைந்தன.