வாத்தியாரின் லிங்க்

"திட்டுறதுன்னா திட்டிட்டுப் போ, வாத்தியாரே. லிங்க் எதுக்குப் போடுறே? அவ கடைக்கு நீயே ஆள் அனுப்புற மாதிரி இருக்கு" என்றான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன்.

மதியச் சாப்பாட்டு நேரம். கிடங்கின் மரப்பலகை அடுக்கில் உட்கார்ந்து, மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கட்டைவிரலால் போனைக் குத்திக்கொண்டிருந்தார் வாத்தியார். ஐம்பத்திரண்டு வயதில் எழுத்துக் கூட்டப் பழகி, மூட்டை மேல் அச்சடித்ததையெல்லாம் சத்தம் போட்டுப் படித்ததால் வந்த பட்டம் அது.

அவருக்குப் போனில் கணக்கு திறந்துகொடுத்தவனே இவன்தான். அன்றிலிருந்து அவருக்கு ஒரே வேலை. யாரோ ஒரு பெண் வாராவாரம் இணையத்தில் தன் கதையை எழுதுவதில் குற்றம் கண்டுபிடிப்பது.

"யாரைச் சொல்றோம்னு காட்டாம குறை சொன்னா அது புறணிடா. அவ எழுதினதையும் படிக்கட்டும், நான் எழுதினதையும் படிக்கட்டும்."

"லிங்க் போட்டா அவளுக்குத் தகவல் போகும். வந்து உன்னைக் கிழிப்பா."

"கிழிக்கட்டும்."

கிழிப்பதற்காகத்தான் அவர் காத்திருப்பார். இதுவரை ஒன்பது தடவை பதில் வந்திருந்தது. ஒன்பதையும் படம் பிடித்து வைத்திருந்தார். போன வாரம் வந்தது, 'உங்களுக்கு வேற வேலையே இல்லையா சார்?' அதைக்கூட நாலு பேரிடம் காட்டினார், மனுஷன்.

"இன்னிக்கு என்ன குத்தம்?"

"நெத்தித் தழும்பு ஊஞ்சல்ல விழுந்து வந்ததுன்னு எழுதியிருக்கா. தப்பு. படிக்கட்டுல விழுந்தது."

"அவ எங்க விழுந்தா உனக்கென்ன? நீ போய்த் தூக்கிவிட்டியா?"

"எழுதுறதுன்னா சரியா எழுதணும்ல."

லிங்கை ஒட்டி அனுப்பிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போனார். திரும்பி வருவதற்குள் போன் சிணுங்கியது.

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, விரல் வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து கூட்டினார். பிறகு பதில் எழுத அவசர அவசரமாக அழுத்தினார். ஒன்றும் திறக்கவில்லை.

"என்னடா ஆச்சு இதுக்கு? கொஞ்சம் பாரேன்."

அவன் வாங்கிப் பார்த்தான். "உன்னை பிளாக் பண்ணிட்டா, வாத்தியாரே. இனிமே நீ ஆயிரம் லிங்க் போட்டாலும் அவளுக்குப் போகாது."

"உன் போன்லேர்ந்து ஒரே ஒரு வரி போடேன்டா."

"என்னையும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கச் சொல்றியா? தொல்லை விட்டுதுன்னு இரு."

வேலை மணி அடித்தது. வெளியே லாரி பின்பக்கமாக வந்து நின்றது. மற்றவர்கள் தலைத்துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். வாத்தியார் மட்டும் எழுந்திருக்கவில்லை. இருண்டுபோன போனைத் திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்படி என்னதான் எழுதியிருந்தா கடைசியா?"

இரண்டு தடவை கூட்டியதில் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது.

"'எழுதப் படிக்கக் கத்துக்கிட்டது இதுக்குத்தானா, அப்பா?'"